மூடுபனி ஓடுபாதை – 3: "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்..."

டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் ஜம்போ (போயிங் 747) விமானத்தின் அருகே எரிபொருள் லாரி வந்து நின்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவில், லாஸ் பால்மாஸ் விமான நிலையத்துப் பூக்கடையில் பிரிவினைவாதிகள் வைத்த குண்டு மதியம் வெடித்தது. இன்னொரு குண்டும் இருப்பதாக மிரட்டல் வரவே அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்கு வந்து குவிந்தன. இடமில்லாமல், டாக்ஸிவேயிலேயே வரிசையாக நிறுத்தினார்கள்.

லாஸ் பால்மாஸ் மறுபடி திறந்துவிட்ட செய்தி வந்தது. அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 1736 உடனே கிளம்பத் தயார். லாஸ் ஏஞ்சலஸில் புறப்பட்டு நியூயார்க் வழியாக வந்த ஜம்போ அது. பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள். லாஸ் பால்மாஸில் காத்திருந்த உல்லாசக் கப்பலில் ஏறப் போகிறவர்கள். ஆனால் முன்னால் நின்ற கே.எல்.எம். 4805 அப்போதுதான் 55,500 லிட்டர் எரிபொருள் நிரப்பத் தொடங்கியிருந்தது. லாஸ் பால்மாஸில் போய் நிரப்பினால் அங்கே காத்திருக்க நேரும் என்பது டச்சு கேப்டனின் கணக்கு. பான் ஆமின் துணை விமானியும் ஃப்ளைட் இன்ஜினீயரும் கீழே இறங்கிப் போய், டச்சு விமானத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 3.7 மீட்டர் குறைந்தது.

லாரி நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் காத்திருப்பில்தான் மலையிலிருந்து மேகம் இறங்கத் தொடங்கியது.

லாஸ் ரோடியோஸ் கடல் மட்டத்திலிருந்து 633 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு இடையே இருக்கிறது. அங்கே 'மூடுபனி' என்று விமானிகள் சொல்வது பெரும்பாலும் மேகம்தான். காற்றோடு ஓடுபாதையின் மேலேயே அது தவழ்ந்து போகும். ஒரு நிமிடம் எதிர்முனை தெரியும், அடுத்த நிமிடம் மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியாது. ஓடுபாதை ஒன்றுதான். அதன் நடுக்கோட்டு விளக்குகள் அன்று இயங்கவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அந்த நிலையத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் டவரில் இருந்தவர்கள் இரண்டே பேர். விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானி ரேடியோவில் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அன்று மாலை டவருக்குக் கண்ணும் காதும் அந்த ரேடியோ மட்டும்தான்.

டாக்ஸிவே அடைபட்டிருந்ததால், புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே எதிர்முனைவரை ஊர்ந்து போய், அங்கே முழுதாகத் திரும்பி, வந்த வழியே ஓடி எழ வேண்டும். 45 மீட்டர் அகலமுள்ள பாதையில் ஜம்போவை அப்படித் திருப்புவதே விமானிக்குச் சோதனை. கே.எல்.எம். முதலில் ஓடுபாதைக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே பான் ஆமையும் டவர் உள்ளே அனுப்பியது. பான் ஆம் பாதி வழியில் இடதுபக்கக் கிளைப்பாதை ஒன்றில் விலகிக்கொள்ள வேண்டும், கே.எல்.எம். எதிர்முனைக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

எந்தக் கிளைப்பாதை?

"இடதுபக்கம் மூன்றாவது" என்றார் கட்டுப்பாட்டாளர். ஸ்பானிஷ் உச்சரிப்பில் வந்த ஆங்கிலம். பான் ஆம் காக்பிட்டில் அது முதலாவதா மூன்றாவதா என்று விவாதமே நடந்தது. திரும்பக் கேட்டார்கள். "மூன்றாவது. ஒன்று, இரண்டு, மூன்று... மூன்றாவது" என்று எண்ணிச் சொன்னார் அவர். அதற்குமேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதை ஒன்று என்று எண்ணுவது? கிளைப்பாதைகளில் பெயர்ப்பலகை இல்லை. மூன்றாவதான சி-3 பின்பக்கமாக மடங்கிச் செல்லும். 148 பாகை திரும்ப வேண்டும், டாக்ஸிவேயைத் தொட்டதும் மறுபடி அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். கண் மங்கும் பனியில் ஒரு ஜம்போவை அப்படி ஒடிக்கச் சொல்வார்களா? அடுத்திருந்த சி-4 இயல்பாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. கேப்டன் விக்டர் க்ரப்ஸின் விமானம் சி-3-ஐக் கடந்து சி-4-ஐ நோக்கி ஊர்ந்தது. டவருக்கு அது தெரியாது. கே.எல்.எம்.முக்கும் தெரியாது.

அதே நேரம், எதிர்முனையில் கே.எல்.எம். திரும்பி முடித்திருந்தது.

அந்தக் காக்பிட்டில் இருந்த மூவரையும் அறிந்துகொண்டால்தான் அடுத்த ஒரு நிமிடம் புரியும். கேப்டன் ஜேக்கப் வெல்டுய்சன் ஃபான் ஸான்டன், வயது 50. கே.எல்.எம்.மின் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் துறைக்குத் தலைவர், நிறுவனத்தின் விளம்பரத்தில் முகம் காட்டியவர். துணை விமானி க்ளாஸ் மூர்ஸ் அனுபவசாலிதான், ஆனால் 747-இல் அவர் பறந்தது நூறு மணி நேரத்துக்கும் குறைவு. 747 ஓட்டத் தகுதியானவர் என்று அவரைச் சோதித்துச் சான்றளித்தவரே பக்கத்தில் அமர்ந்திருக்கும் இந்தக் கேப்டன்தான், அதுவும் இரண்டு மாதம் முன்பு. மூன்றாமவர் ஃப்ளைட் இன்ஜினீயர் வில்லெம் ஸ்க்ரூடர். இவரை மறந்துவிடாதீர்கள்.

கேப்டனைத் திமிர் பிடித்தவராக, யாருக்கும் காத்திருக்காதவராகச் சித்திரிக்கும் எழுத்து ஏராளமாக வந்துவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. டச்சு அரசு அப்போதுதான் விமானிகளின் பணிநேர வரம்பைக் கடுமையாக்கியிருந்தது, மீறினால் தண்டனை. இன்னும் தாமதமானால் ஆம்ஸ்டர்டாம் திரும்ப முடியாமல், நூற்றுக்கணக்கான பயணிகளோடு தீவிலேயே இரவு தங்க வேண்டி வரும். மேகம் வேறு அடர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. பயிற்சித் தலைவர் என்பதால் அவர் வேலையில் கணிசமான பகுதி சிமுலேட்டரில் கழிந்தது. சிமுலேட்டரில் டவரும் அவரே, ஆசிரியரும் அவரே. புறப்பட அனுமதி கேட்டு அங்கே எவரும் காத்திருப்பதில்லை.

திரும்பி நின்றதும் கேப்டன் த்ராட்டிலை முன்னே தள்ளினார். மூர்ஸ் தடுத்தார்: "பொறுங்கள், நமக்கு ஏ.டி.சி. கிளியரன்ஸ் வரவில்லை." கேப்டன் நிறுத்தினார். "தெரியும், கேளுங்கள்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரு விமானம் புறப்பட இரண்டு தனித்தனி அனுமதிகள் தேவை. முதலாவது வழி அனுமதி: எழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த உயரம், எந்தத் திசை என்று சொல்வது. இதை ஏ.டி.சி. கிளியரன்ஸ் என்பார்கள். இரண்டாவது, ஓடுபாதை காலியாக இருக்கிறது, இப்போது ஓடலாம் என்பது, டேக்-ஆஃப் கிளியரன்ஸ். முதலாவது கிடைத்ததால் இரண்டாவது கிடைத்ததாக ஆகாது. வழக்கமாக வழி அனுமதியை விமானம் நிற்குமிடத்திலேயே, இன்ஜின் இயக்கும் முன்பே வாங்கிக்கொள்வார்கள். அன்றைய நெரிசலில் அது ஓடுபாதையின் நுனிவரை தள்ளிப் போயிருந்தது. ஆகவே இரண்டு அனுமதிகளும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் வந்து நின்றன.

மணி 5:05. மூர்ஸ் டவரை அழைத்தார். டேக்-ஆஃபுக்குத் தயாராக இருக்கிறோம், ஏ.டி.சி. கிளியரன்ஸுக்காகக் காத்திருக்கிறோம் என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம். கட்டுப்பாட்டாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் தந்தார்: பாப்பா பீக்கன்வரை அனுமதி, உயரம் ஃப்ளைட் லெவல் 90, டேக்-ஆஃபுக்குப் பின் வலதுபக்கம் திரும்பவும்... வழி அனுமதி மட்டும்தான். ஆனால் அதற்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த காதுகளில் அது விழுந்தது.

மூர்ஸ் விதிப்படி அந்த அனுமதியைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் பிரேக்கை விடுவித்துவிட்டார். "போகிறோம்" என்றார். விமானம் நகர்கிறது. ஒருமுறை தடுத்த துணை விமானி இன்னொருமுறை தன் தேர்வாளரைத் தடுப்பாரா? அவர் தடுக்கவில்லை. அவசரமாக, திருப்பிச் சொன்ன அனுமதியின் வாலில் ஒரு வாக்கியத்தை ஒட்டினார்: "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்."

நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்.

மூர்ஸ் சொல்ல நினைத்தது, ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது. டவருக்குக் கேட்டது, டேக்-ஆஃப் செய்யும் இடத்தில் நிற்கிறோம் என்பது. ஆங்கிலம் இருவருக்குமே தாய்மொழி அல்ல. அந்த வாக்கியத்தை நல்ல மனதோடு எப்படிக் கேட்டாலும் இரண்டு அர்த்தமும் தரும். வெள்ளைச் சுவர் போல நின்ற பனிக்கு அப்பால் எந்த அர்த்தம் நிஜம் என்று பார்க்கக் கட்டுப்பாட்டாளருக்கு வழியில்லை.

"ஓகே" என்றார் அவர்.

பிறகு ஏறத்தாழ இரண்டு விநாடி மௌனம்.

அந்த ஓகேக்கு விமானப் போக்குவரத்தில் பொருளே இல்லை. கேட்டேன் என்பதா, சரி போ என்பதா? கட்டுப்பாட்டாளர் தொடர்ந்து சொல்லத்தான் போகிறார். "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்பதுதான் அவர் அடுத்துச் சொன்னது. அது மட்டும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தத் தொடரை நான் எழுத நேர்ந்திருக்காது.

அந்த இரண்டு விநாடி மௌனத்தில் பான் ஆம் காக்பிட் பதறியது. கே.எல்.எம். சொன்னதும் டவர் ஓகே சொன்னதும் அவர்களுக்கும் கேட்டது. நாம் இன்னும் ஓடுபாதையில் அல்லவா இருக்கிறோம்! துணை விமானி ராபர்ட் ப்ராக் உடனே பொத்தானை அழுத்தினார்: "நாங்கள் இன்னும் ரன்வேயில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம், க்ளிப்பர் 1736."

அதே கணத்தில் டவரும் பேசியது.

விமான ரேடியோ ஓர் ஒற்றையடிப் பாதை. ஒருநேரம் ஒருவர்தான் நடக்கலாம். இருவர் ஒரே அலைவரிசையில் ஒன்றாகப் பேசினால் கேட்பவர் காதில் விழுவது நீண்ட கீச்சொலி. கே.எல்.எம். காக்பிட்டில் 'ஓகே' தெளிவாக ஒலித்தது. அதன்பின் மூன்று விநாடிகளுக்கு மேல் கிறீச்சென்ற இரைச்சல். டவர் 'காத்திருங்கள்' என்றதும், பான் ஆம் 'இன்னும் இங்கேதான்' என்றதும் அந்த இரைச்சலுக்குள் புதைந்தன. இரண்டில் எது தனியாக வந்திருந்தாலும் 583 உயிர்கள் பிழைத்திருக்கும். காப்பாற்ற வந்த இரண்டு குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. இந்த மூன்று விநாடியை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை.

இதோடு வாய்ப்பு முடிந்துவிடவில்லை. இன்னொன்று மிச்சமிருந்தது.

இரைச்சல் ஓய்ந்ததும் டவர் பான் ஆமிடம், ரன்வேயை விட்டு விலகியதும் தெரிவியுங்கள் என்றது. விலகியதும் தெரிவிக்கிறோம் என்றது பான் ஆம். இந்த உரையாடல் கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது. அதுவரை பான் ஆமை அதன் அழைப்புப் பெயரான 'க்ளிப்பர்' என்றே அழைத்து வந்த டவர், இந்த ஒருமுறை மட்டும் 'பாப்பா ஆல்ஃபா 1736' என்றது. அதனால்கூட விமானிகள் இருவரும் அதில் கவனம் வைக்காமல் போயிருக்கலாம். வேகமெடுக்கும் ஜம்போவை நேர்கோட்டில் பிடித்திருந்தார்கள் அவர்கள். பின் இருக்கையில் இருந்த ஸ்க்ரூடர் மட்டும் காது கொடுத்தார்.

"அவர் இன்னும் விலகவில்லையா, அப்படியானால்?"

"என்ன சொல்கிறீர்கள்?" – கேப்டன்.

"அவர் விலகவில்லையா, அந்தப் பான் அமெரிக்கன்?"

"விலகிவிட்டார்" என்று அழுத்தமாக வந்தது கேப்டனின் பதில்.

ஸ்க்ரூடர் அதற்குமேல் பேசவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. 1977-இன் காக்பிட்டில், அந்தக் கேப்டனின் முன்னால், ஓர் இன்ஜினீயர் போகக்கூடிய எல்லை அதுதான். அந்த எல்லைவரை அவர் போனார் என்பதை மரியாதையோடு குறித்து வைக்க வேண்டும்.

பனிக்குள் முதலில் பார்த்தவர்கள் பான் ஆம் விமானிகள். எதிரே விளக்குகள். நிற்கும் விளக்குகள் என்று ஒரு கணம் நினைத்தார்கள். பிறகு அவை ஆடுவது தெரிந்தது. க்ரப்ஸ் முழு வேகம் கொடுத்து இடதுபக்கப் புல்வெளிக்கு விமானத்தைத் திருப்பினார். "வெளியே போ, வெளியே போ" என்று ப்ராக் கத்தினார். ஃபான் ஸான்டனும் பார்த்துவிட்டார். உரிய வேகம் வரும் முன்பே மூக்கைத் தூக்கினார். வால் சுமார் 20 மீட்டர் தூரம் தரையில் உரசித் தீப்பொறி கிளப்பியது. முன்சக்கரம் பான் ஆமைத் தாண்டிவிட்டது. 55,500 லிட்டர் எரிபொருளின் கூடுதல் எடையைச் சுமந்த உடலும் பின்சக்கரங்களும் தாண்டவில்லை.

மணி 5:06:50.

கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து அந்த விமானத்தில் வந்தவர்களில் ஒரே ஒருவர் உயிரோடிருந்தார்: டெனெரீஃபிலேயே வசித்ததால் மறுபடி ஏறாமல் தங்கிவிட்ட சுற்றுலா வழிகாட்டிப் பெண். பான் ஆமில் இருந்த 396 பேரில் 61 பேர் தப்பினார்கள், காக்பிட் குழுவினர் மூவரும் அதில் அடக்கம். டவரில் இருந்தவர்களுக்கு வெடிச்சத்தம் மட்டும் கேட்டது. தீயணைப்பு வீரர்கள் பனியில் ஒளியைத் தேடிப் போய் ஒரு விமானம் எரிவதைக் கண்டார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு ஒளி. அதே விமானத்தின் உடைந்த பகுதி என்று முதலில் நினைத்தார்கள். அது இரண்டாவது ஜம்போ, அதில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நெதர்லாந்தில் விபத்துச் செய்தி எட்டியபோது, விசாரணைக்கு அனுப்பத் தகுந்த ஆள் என்று கே.எல்.எம். அதிகாரிகள் தேடியது கேப்டன் ஃபான் ஸான்டனைத்தான். அவரேதான் அந்த விமானத்தை ஓட்டியவர் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்பெயின், நெதர்லாந்து, அமெரிக்கா மூன்று நாட்டு நிபுணர்களும் ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டார்கள். அனுமதி இல்லாமல் கே.எல்.எம். கேப்டன் ஓடத் தொடங்கியதே அடிப்படைக் காரணம் என்றது ஸ்பானிஷ் அறிக்கை. டச்சுத் தரப்பு, இது இரு பக்கமும் நேர்ந்த புரிதல் பிழை என்று வாதாடியது. முடிவில் கே.எல்.எம். பொறுப்பை ஏற்று இழப்பீடு கொடுத்தது. முதல் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் டச்சுக்காரர்கள் காட்டிய இடத்தில்தான் உலகம் மாற்ற வேண்டியது இருந்தது. கேப்டனைத் தண்டிக்க அவர் உயிரோடு இல்லை. அந்த வாக்கியமோ உலகெங்கும் ஒவ்வொரு ஓடுபாதையிலும் இன்னும் உயிரோடு இருந்தது.

அதை மாற்றினார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை ரேடியோவில் இரண்டே இடத்தில்தான் சொல்லலாம்: ஓட அனுமதி தரும்போது, அல்லது தந்த அனுமதியை ரத்து செய்யும்போது. வேறெங்கும் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். தயார் என்று தெரிவிக்கும் விமானி "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்பார். வழி அனுமதிக்குள் அந்தச் சொல் நுழையாது. ஓடுபாதைக்குள் போய் நிற்க மட்டும் சொல்வதென்றால் "லைன் அப் அண்ட் வெயிட்." அமெரிக்கா இதற்கு நெடுங்காலம் "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்று தனி வழக்கு வைத்திருந்து, 2010 செப்டம்பர் 30 முதல்தான் உலகத்தோடு சேர்ந்தது. ஓடுபாதையில் நுழைய, கடக்க, வெளியே நிற்க என்று எந்த உத்தரவு வந்தாலும், விமானி தன் அழைப்புப் பெயரோடு சேர்த்து அதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். வெறும் 'ரோஜர்' செல்லாது. மீனம்பாக்கத்தில் நீங்கள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கும்போது முன்னால் காக்பிட்டில் பேசப்படுவதும் இதே சொற்கள்தான்.

காக்பிட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. கீழே இருப்பவர் கேள்வி கேட்டால் மேலே இருப்பவர் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பாடமாகவே வைத்தார்கள். 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கில் அது உருப்பெற்றது. ஸ்க்ரூடரின் கேள்விக்கு இன்று ஒரு பயிற்சித் திட்டமே இருக்கிறது. அதை வேறொரு வாரம் விரிவாகப் பார்ப்போம்.

சொல் சரியாகிவிட்டது. அப்படியானால் பனியில் இரண்டு விமானங்கள் ஒரே ஓடுபாதையில் சந்திப்பது இனி நடக்காது அல்லவா?

2001 அக்டோபர் 8, காலை. இத்தாலியின் மிலான் நகர், லினாட்டே விமான நிலையம். அங்கேயும் அடர்ந்த பனி, அங்கேயும் இயங்கும் தரை ரேடார் இல்லை. கோபன்ஹேகனுக்குப் புறப்படும் எஸ்.ஏ.எஸ். விமானத்துக்கு டேக்-ஆஃப் அனுமதி முறைப்படி கிடைத்தது, முறைப்படி திருப்பிச் சொல்லப்பட்டது. ஒரு சொல்லும் பிசகவில்லை. அதே நேரம் சிறிய செஸ்னா ஜெட் ஒன்று, ஆர்-5 என்ற பாதையில் போகும்படி சொல்லப்பட்டு, தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. போகும் வழியில் அதன் விமானி ரேடியோவில் தான் இருக்குமிடத்தைத் தெரிவித்தார்: "சியர்ரா 4-ஐ நெருங்குகிறோம்."

கட்டுப்பாட்டாளர் தன் வரைபடத்தில் சியர்ரா 4-ஐத் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார். அப்படி ஓர் இடம் அதில் குறிக்கப்படவே இல்லை.

(தொடரும்)